1.68 லட்சம் கன அடின்னா எங்க தெருவுக்கு எவ்வளவு?

இந்த எபிசோடு ஆத்துத் தண்ணியை அளக்கிறதைப் பத்தி. ஸ்கிப் பண்ணிடாதீங்க. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க கண்டிப்பா கேளுங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்ததும் கிளம்பாம அங்கேயே நின்னு பெஞ்சுது. திண்டிவனத்துக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அப்புறம் மெதுவா உள்ளே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலயும் கிட்டத்தட்ட அதே அளவு கொட்டுச்சு. அந்தத் தண்ணி தென்பெண்ணை வழியா சாத்தனூர் அணைக்கு வந்துச்சு. டிசம்பர் 2 அதிகாலையில அங்கிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க.

அதாவது புயல் ஒண்ணு, வெள்ளம் ரெண்டு. விழுப்புரத்துக்குத் தெற்கே வந்த வெள்ளத்துக்கு ஒரு நம்பர் இருந்துச்சு. திண்டிவனம் பக்கம் ஏரி ஏரியா வந்ததுக்கு அப்படி ஒரே நம்பர் கிடையாது.

முதல்ல நம்பர் இருந்ததைப் பாப்போம். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 1.68 லட்சம்னா விநாடிக்கு ஏறக்குறைய 47 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில கணக்குப் போட்டா, ஒவ்வொரு விநாடியும் 400 லாரி. சாத்தனூரோட முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. புதுசா ஒரு சொட்டு வரலைன்னா, இந்த வேகத்துல மொத்த அணையும் 12 மணி நேரத்துல காலி!

அஞ்சு தடவை எச்சரிக்கை கொடுத்தோம்னு அரசு சொல்லுச்சு. முன்னறிவிப்பே இல்லைன்னு எதிர்க்கட்சி சொல்லுச்சு. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. என் கேள்வி வேற. அரசூர்ல தூங்கிட்டிருக்கிற ஒருத்தருக்கு "1.68 லட்சம் கன அடி"ன்னு மெசேஜ் வந்தா அவர் என்ன பண்ணுவார்? அவருக்குத் தேவை ரெண்டே விஷயம்: எத்தனை மணிக்கு, வாசல்ல எத்தனை அடி.

இதைச் சொல்றது ஏன் கஷ்டம்? ஆத்துல ஓட்டத்தை யாரும் நேரடியா எந்நேரமும் அளக்கிறதில்லை. அளக்கிறது மட்டத்தை. பாலத்துத் தூண்ல அளவுகோல், இல்லைன்னா மேல இருந்து பாக்குற ரேடார் சென்சார். முன்கூட்டியே வெவ்வேறு மட்டத்துல ஓட்டத்தை அளந்து ஒரு அட்டவணை போட்டு வெச்சிருப்பாங்க. இன்ன மட்டம்னா இன்ன ஓட்டம். நம்ம பாஷையில லுக்அப் டேபிள். மணல் போய் ஆத்துப் படுகை இறங்கிடுச்சுன்னா அந்த டேபிள் தப்பு. பழைய கேஷ்ல இருந்து பதில் சொல்ற சர்வர் மாதிரி, நம்பர் வரும், ஆனா சரியா இருக்காது. தென்பெண்ணையில மணல் என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா?

மத்திய நீர் ஆணையத்துக்குத் தென்பெண்ணையில விழுப்புரம் பேரிலேயே ஒரு அளவு நிலையம் இருக்கு. அமெரிக்காவுல 1889-ல நியூ மெக்சிகோவுல ஒரு நிலையத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு 10,000-க்கு மேல வெச்சிருக்காங்க. பெரும்பாலும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை டேட்டா வரும், ஏபிஐ-ல யார் வேணா எடுக்கலாம். ஐரோப்பாவுல கண்டம் முழுக்க ஒரே வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஓடுது. ஆனா 2021 ஜூலையில, எச்சரிக்கை போன பிறகும் ஜெர்மனியில 180 பேருக்கு மேல இறந்தாங்க. ஆர் பள்ளத்தாக்குல ஆல்டெனார் ஊரோட அளவு நிலையத்தையே வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு.

சாட்டிலைட் இருக்கேன்னு கேப்பீங்க. 2022 டிசம்பர்ல ஏவின ஸ்வாட், 100 மீட்டருக்கு மேல அகலமான ஆறுகளோட மட்டத்தை மேல இருந்தே அளக்கும். அற்புதமான மிஷின். ஆனா அதோட சுற்று 21 நாள். ஃபெஞ்சல் தன் வேலையை ரெண்டு மூணு நாள்ல முடிச்சிட்டுப் போயிடுச்சு.

இப்போ திண்டிவனம் பக்கம் வாங்க. இங்க பிரச்சினை பெரிய ஆறு மட்டும் இல்லை, ஏரி. ஒரு ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும், அது அதுக்கடுத்ததுக்கு. நடுவுல வாய்க்கால் இருந்த இடத்துல இப்போ பிளாட். மேல் ஏரி கலங்கல் எப்போ வழிய ஆரம்பிச்சுதுன்னு கீழ் ஏரிக்காரங்களுக்குத் தெரிஞ்சாலே சில மணி நேரம் கிடைக்கும். முன்னாடி இதை ஊர்ல ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வந்து சொல்வார். இன்னைக்கு நம்ம ஆபீஸ் தண்ணி டேங்க்ல கூட சென்சார் இருக்கு. ஏரி கலங்கல்ல ஒரு சென்சாரும் ஒரு சிம்மும் போதும். கண்டத்தை அளக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும்ங்கிறது என் கட்சி.

கடைசியா ஒரு உதவி. அந்தப் பக்கம் வீடு இருக்கிறவங்க, 2024 வெள்ளம் சுவத்துல விட்ட கோடு இன்னும் இருக்கான்னு பாருங்க. பொங்கலுக்கு வெள்ளையடிச்சதுல பாதி போயிருக்கும். மிச்சம் இருந்தா, பக்கத்துல டேப் பிடிச்சு தரையில இருந்து எத்தனை அடின்னு தெரியிற மாதிரி போட்டோ எடுங்க, லொகேஷனோட. அணையில இத்தனை கன அடின்னா இந்தத் தெருவுல இத்தனை அடின்னு கணக்கு ஆரம்பிக்கிறது அந்தக் கோட்டுல இருந்துதான்.