கணிப்பொறியும் குளிர்ச்சியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டித் துறையில் எழுத்தராகப் பணிபுரியும் யாம் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் கற்றிலோம். எனினும், விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். அஃது அவர்தம் அன்பேயன்றி எம் தகுதியன்று.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லத் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் இடம் பதிவு செய்கின்றீர்கள். 1985-ஆம் ஆண்டு புதுடில்லியில் சோதனையாகத் தொடங்கிய கணிப்பொறிப் பதிவு இன்று நாடெங்கும் பரவியுள்ளது. அதற்கென இரவும் பகலும் கணிப்பொறிகள் திரளாக உழைக்கும் இடத்தைத் தரவு மையம் என்பர். அவை உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை அகற்றாவிடில் பொறி நின்றுவிடும். வரிசையில் நிற்கும் பயணியின் கதி என்னாவது?

ஆதலின் குளிர்ச்சி வேண்டும். ஆயின் எவ்வளவு? முன்னர் யாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், வெளியே மே மாத அனற்காற்று வீச, கணிப்பொறி அறைக்குள் கம்பளி போர்த்துச் செல்வோம். குளிர் மிகுந்தால் பொறிக்குப் பாதுகாப்பும் மிகும் என்று எண்ணியிருந்தோம். அஃது அறியாமை எனப் பின்னரே உணர்ந்தோம். பொறியினுள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியியலார் சங்கத்தின் பரிந்துரை.

அறை முழுவதையும் குளிர்விப்பது விழலுக்கு இறைத்த நீராகும். குளிர்காற்று செல்லும் வழியையும் வெப்பக்காற்று வெளிவரும் வழியையும் தடுப்பிட்டுப் பிரித்தல் வேண்டும். கணிப்பொறி ஒரு யூனிட் மின்சாரம் கொள்ள, மையம் முழுமைக்கும் எத்தனை யூனிட் ஆகின்றது என்பதே சிக்கனத்தின் அளவுகோல். உலகச் சராசரி ஏறத்தாழ ஒன்றரை. மிகச் சிறந்த மையங்களில் 1.1.

டில்லிவாசிகளாகிய நம் வீட்டுக் கூலர் இதற்கு உதவாதா என்பீர்கள். அம்முறையையும் கையாளுகின்றனர். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவரும்; மே மாத வறண்ட காற்றில் வெல்லும்; ஆடி மாதப் புழுக்கத்தில் தோற்கும். மின்சாரம் மிஞ்சும், நீரோ செலவாகும். அங்கேதான் எம் நெஞ்சம் துணுக்குறுகின்றது. 2019-ஆம் ஆண்டு சென்னை ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குக் குடிநீர் சுமந்து சென்றது எம் புகைவண்டியன்றோ! அதே சென்னையில் இன்று தரவு மையங்கள் பெருகி வருகின்றன. வரட்டும், வேலையும் வளமும் பெருகட்டும். ஆயினும் குடிக்கும் நீரைப் பொறிக்கு வார்க்கலாகாது. சுத்திகரித்த கழிவுநீரைக் கொள்க என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

கம்பளி போர்த்துக் கணிப்பொறி காத்த எம் அனுபவம் கூறுவது ஒன்றே: வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு. குளிர்ச்சிக்கும் அதுவே சட்டம். நீருக்கும் அதுவே சட்டம்.