பட்டாளம் விட்டபின் விமானி ஆகலாமா?



1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் பின்னே பெருகிய தோட்டங்களில்தான் பேராக் தமிழர்கள் பலரின் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டினார்கள். பின்னாளில் அந்தத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் சிலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்.

பதினெட்டு வயதில் சேரும் ஒரு சிப்பாய் 21 ஆண்டு சேவையை முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். அப்போது அவருக்கு வயது 39. ஓய்வு என்று சொன்னாலும் ஓய்ந்து உட்காரும் வயது அல்ல அது. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தைப் பார்த்து, "இனி விமானி ஆனால் என்ன?" என்று அவருக்குத் தோன்றினால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் கையிலுள்ள பணிக்கொடை வாழ்வில் ஒரே முறை வரும் பணம். வீட்டுக் கடனும் பிள்ளையின் கல்லூரிச் செலவும் அதை நம்பியே இருக்கின்றன. ஆசையும் கெடாமல் பணமும் கெடாமல் முடிவெடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். படையில் விமானமோ ஹெலிகாப்டரோ ஓட்டியவர் ஒரு வகை. மற்றப் பிரிவுகளில் இருந்தவர் இன்னொரு வகை.

முதல் வகையினருக்கு வழி பழகிய வழி. 2009 ஜனவரி 15இல், இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைக்கக் காரணமான கேப்டன் சல்லன்பெர்கர், அமெரிக்க விமானப்படையில் போர் விமானியாக இருந்தவர். 1980இல் படையை விட்டுப் பயணிகள் விமானத்துக்கு வந்தவர். 2018இல் இயந்திரம் வெடித்த விமானத்தைத் தரையிறக்கிய டாமி ஜோ ஷல்ட்ஸ் என்ற பெண்மணியும் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர்தான். இத்தகையோரும் படைச் சான்றிதழை மட்டும் காட்டி வேலைக்குச் சேர முடியாது. சிவில் விமானச் சட்டம் முதலிய தேர்வுகளை எழுதி, சிவில் உரிமம் பெற்றாக வேண்டும்.

இரண்டாம் வகையினர்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சியானால் 150 மணி நேரம். கேப்டன் பொறுப்புக்கு உரிய உரிமம் பெற 1,500 மணி நேரம். உரிமம் கையில் வந்த பிறகும், போயிங் 737, ஏர்பஸ் ஏ320 என்று ஓட்டப்போகும் விமானத்துக்கு ஏற்பத் தனிப் பயிற்சி உண்டு. எல்லாம் சேர்ந்தால் செலவு சில லட்சம் வெள்ளி.

இங்கே வயதுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விமானிகள் ஓட்டும் அனைத்துலக வணிக விமானத்தில் வயது வரம்பு 65. நாற்பதில் தொடங்கி நாற்பத்திரண்டில் உரிமம் பெறுபவருக்கு 23 ஆண்டுகள் மிஞ்சும். ஐம்பதில் தொடங்குபவருக்கு 13 ஆண்டுகள்தான். உரிமம் பெற்ற மறுநாளே வேலை கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலையிழந்தார்கள்.

எனவே வரிசை முக்கியம். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன், முதல் தர மருத்துவப் பரிசோதனையை முடிக்க வேண்டும். கண், காது, இருதயம், நிறங்களைப் பிரித்தறியும் திறன் எல்லாம் அதில் பார்க்கப்படும். மூக்குக்கண்ணாடி அணிவது மட்டும் தடையாகாது. நாற்பது வயதில் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் எட்டிப் பார்க்கும் சமூகம் நம்முடையது. பரிசோதனையில் தவறினால் சில நூறு வெள்ளியோடு போகும். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் பணிக்கொடையே போய்விடும். அடுத்து, அந்தப் பள்ளி மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, வேலை கிடைக்க இரண்டு ஆண்டு தாமதமானாலும் வீட்டில் அடுப்பு எரியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

விமானத் துறைக்குள் நுழைய விமானி இருக்கை ஒன்றுதான் வாசல் என்பதும் இல்லை. 'சூரரைப் போற்று' படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தை விமானி என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தக் 'கேப்டன்' இந்திய இராணுவப் பதவி. படையை விட்டு விவசாயம் செய்த அவர், இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய நண்பரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் நிறுவனம் நடத்தி, 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கினார். படையில் இயந்திரம் பழுது பார்த்தவருக்கு விமானப் பராமரிப்புத் துறை இருக்கிறது. தோட்டங்களில் மருந்து தெளிக்கும் டிரோனை இயக்கவும் இன்று பயிற்சி பெற்ற ஆள் தேவைப்படுகிறது. ஓய்வுக்கு முன்பே பெர்ஹெபாட் வழங்கும் தொழிற்பயிற்சிகளை விசாரித்து வைப்பது நல்லது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம்தான் தோட்டங்களை வாங்கியது. ஒரு வெள்ளியின் அருமை தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம். வானத்தில் பறக்க ஆசைப்படுவோம். ஆனால் முதலில் மருத்துவர், பிறகு கணக்கு, அதன் பிறகே பணம். இந்த வரிசை மாறாதிருந்தால், பட்டாளத்தில் 21 ஆண்டு உழைத்த உழைப்பு வீண் போகாது.