பழைய காணி உறுதியுடன் நீதிமன்றம் செல்வோருக்கு



புத்தளத்திலிருந்து முசலிக்கும் எருக்கலம்பிட்டிக்கும், மண்டபம் முகாமிலிருந்து பேசாலைக்கும் திரும்பியிருக்கும் உங்களில் பலர், உறுதி கையில் இருப்பதால் வழக்கு வென்ற மாதிரித்தான் என்று நினைக்கிறீர்கள். அப்படியல்ல.

தனியார் காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இது 1840ஆம் ஆண்டுச் சட்டம். எதிர்த்தரப்பு அதைக் கள்ள உறுதி என்றால், கையொப்பமிட்ட சாட்சி ஒருவரையாவது அழைத்து நிரூபிக்க வேண்டிவரும். 1990இல் சிதறிப்போன ஊரில் அந்தச் சாட்சியை எங்கே தேடுவது?

இங்கேதான் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு கைகொடுக்கும். 30 வருடம் பழைய ஆவணம், இருக்கவேண்டியவரின் பொறுப்பிலிருந்து வந்தால், அது முறைப்படி எழுதப்பட்டதென நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது; கட்டாயமில்லை. ஆகவே உறுதி இத்தனை காலமும் யாரிடம், எந்தப் பெட்டியில் இருந்தது என்று சொல்லக்கூடிய உம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், அவரை இப்போதே சட்டத்தரணியிடம் கூட்டிச் செல்லுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது. மங்கிய எழுத்தின்மேல் பேனையால் எழுதாதீர்கள், லமினேட்டும் செய்யாதீர்கள். திருத்திய உறுதி சந்தேகத்தைத்தான் கூட்டும்.

மூல உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதி இருக்கக்கூடும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், தெரிந்ததைச் சொல்லி அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். வெறும் போட்டோ கொப்பியை நம்பிப் போகாதீர்கள்.

அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் வழி வேறு. முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.