பிழைத்த கோழியும் நோய்க் கோழியே

(தோட்ட மண்டபம் ஒன்றில் நடைபெற்ற மாதர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற முறை நாம் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் ஓர் அம்மையார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கோழி பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஒன்பது, இரண்டு வாரத்திற்குள் வெள்ளையாகக் கழிந்து மாண்டுபோயின. மூன்று பெட்டைகள் பிழைத்தன. அவை வளர்ந்து இப்போது முட்டையிடுகின்றன. "நோயையே வென்ற கோழிகள் ஆயிற்றே ஐயா! இவற்றின் முட்டைகளை அடைவைத்தால் குஞ்சுகள் திடமாக இருக்கும் அல்லவா? பேரனுக்கும் தினமும் ஒன்று அரைவேக்காடாகக் கொடுத்து வருகிறேன்" என்றார். அன்று நாம் விடை கூறவில்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டறிந்து வருவதாகச் சொல்லிச் சென்றோம். இன்று அவ்விடையுடன் வந்திருக்கிறோம்.

வெள்ளைக் கழிச்சல் என்று நம்மவர் சொல்வது ஒரே நோயன்று. மலாய்மொழியில் சம்பார் எனப்படும் நோயிலும் கோழி கழியும், கழுத்தை முறுக்கிக்கொள்ளும், பெரிய கோழியும் சாகும். அது வைரசினால் வருவது. பொரித்த சில நாள்களிலேயே குஞ்சுகள் சூட்டைத் தேடி ஒன்றோடொன்று ஒண்டி நின்று, ஆசனவாயில் வெள்ளைச் சுண்ணாம்பு போல் எச்சம் ஒட்டிக்கொண்டு மாள்வது பெரும்பாலும் சால்மோனெல்லா என்னும் கிருமியின் வேலையாகும். 1885ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இவ்வினக் கிருமி கண்டறியப்பட்டது. அவருடைய பெயரே இதற்கு நிலைத்தது. சால்மன் மீனுக்கும் இதற்கும் உறவில்லை.

கோழியின் உடம்பிற்குள் இக்கிருமி செல்லும் வழியை இனிப் பார்ப்போம். கோழியை அறுத்துச் சமைக்கும் தாய்மார்களுக்கு இவ்வுறுப்புகள் யாவும் பழக்கமானவையே.

எச்சம் கலந்த தீனியோடும் நீரோடும் கிருமி வாய்வழியே நுழைகிறது. தீனிப்பையில் சற்றுத் தங்கி, கல்லும் மணலும் கொண்டு தீனியை அரைக்கும் பையைக் கடந்து குடலை அடைகிறது. குடலின் கடைப்பகுதியில், ஒரு முனை அடைபட்ட இரு பைகள் விரல்கள் போல் நீண்டிருக்கும். குருட்டுக்குடல்கள் என்பர். கிருமிகள் கூடிப் பெருகும் இடம் அதுவே. வளர்ந்த கோழியின் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பதால், வந்த கிருமிக்கு இடம் எளிதில் கிடைப்பதில்லை. பொரித்த குஞ்சின் குடலோ வெறும் வீடு. ஆகவேதான் குஞ்சுகள் முதலில் மடிகின்றன.

அங்கிருந்து கிருமி குடற்சுவரைத் துளைக்கிறது. உடம்பின் காவலர்களாகிய வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கிக் கொல்வது வழக்கம். சால்மோனெல்லாவோ விழுங்கப்பட்டும் சாவதில்லை. காவலனின் வயிற்றிலேயே குடியிருந்து, அவன் போகுமிடமெல்லாம் தானும் போகிறது! இவ்வாறு கல்லீரலையும் மண்ணீரலையும் அடைகிறது. அவை வீங்கும், கல்லீரலில் வெண்புள்ளிகள் தோன்றும். குஞ்சுகளில் இதயத்திலும் நுரையீரலிலும்கூடச் சிறு கட்டிகள் காணப்படும்.

நோய் கண்டு பிழைத்த பெட்டை ஒன்றை மருத்துவர் நம் முன்னே அறுத்துக் காட்டினார். வெளித்தோற்றத்தில் அதற்குக் குறையேதும் இல்லை. கொண்டையும் சிவப்பாகவே இருந்தது. ஆனால் உள்ளே முட்டைக் கொத்தைப் பார்த்தபோது நாம் திடுக்கிட்டோம். திராட்சைக் குலை போல் உருண்டு மஞ்சளாக இருக்க வேண்டிய கருக்களில் சில, நிறம் மாறிச் சுருங்கிக் கோணலாகக் காம்பில் தொங்கின. கிருமி அங்கே மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது.

முட்டைக் கொத்திலிருந்து விழும் கரு, முட்டைக்குழாயில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம் செய்கிறது. வெண்கரு சேர்கிறது, கடைசியாகத்தான் ஓடு மூடுகிறது. கிருமி ஓட்டிற்கு முன்பே உள்ளே புகுந்துவிட்டால், நாம் வெளியே எத்தனை முறை கழுவினாலும் பயன் என்ன? கழுவிய முட்டை பளபளக்கும், அவ்வளவுதான். அம்முட்டையை அடைவைத்தால் குஞ்சு நோயுடனேயே பொரிக்கும். உடன் பொரிப்பவற்றிற்கும் கொடுக்கும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் என்னும் வகை மனிதரை அரிதாகவே தாக்குகிறது. ஆனால் அதன் நெருங்கிய உறவாகிய என்டெரிடிடிஸ் என்னும் வகை, கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல், முட்டை வழியே மனிதரைத் தாக்குகிறது. கோழியின் முகத்தைப் பார்த்து எந்த வகை என்று கூற எவராலும் இயலாது. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் இதைப் பற்றிப் பேசிய துணையமைச்சர் எட்வினா கரி, அப்பேச்சு எழுப்பிய எதிர்ப்பால் இரண்டு வாரத்திற்குள் பதவி விலக நேர்ந்தது. பின்னர் அந்நாட்டில் முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. 2017ஆம் ஆண்டில், முத்திரையிட்ட அவ்வகை முட்டையைக் குழந்தைகளும் அரைவேக்காடாக உண்ணலாம் என்று அறிவிக்கும் அளவிற்கு நிலைமை சீரடைந்தது. நம் லயத்துக் கொல்லைக் கோழிக்குத் தடுப்பூசி போட்டவர் யார்?

காலையில் அரைவேக்காட்டு முட்டையில் மிளகும் சோயாவும் விட்டுக் குடிக்கும் சுகம் நாமும் அறிந்ததே. அதைக் கைவிடச் சொல்வது நமக்கும் எளிதாக இல்லை. ஆயினும் குழந்தை, கர்ப்பிணி, முதியோர், நோயாளி ஆகியோருக்கு மஞ்சட்கரு கெட்டியாகும் வரை வேகவைத்தே கொடுக்க வேண்டும். கிருமி புகுந்த ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள்களுக்குள் காய்ச்சலும் வயிற்றுவலியும் பேதியும் காணலாம். குழந்தைக்குப் பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தம் கலந்து போனாலும், குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும் விடியும் வரை காத்திருத்தல் கூடாது.

கேள்வி கேட்ட அம்மையார் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, அம்மூன்று கோழிகளின் முட்டைகளை அடைவைக்க வேண்டா. பேரனுக்கு முட்டையை முழுதாக வேகவைத்துக் கொடுங்கள். கால்நடைச் சேவை அலுவலகத்தில் சொன்னால் இரத்தம் சோதிப்பது பற்றிக் கூறுவார்கள். சிறகினடியில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை மருந்துடன் கலந்தால், நோயுள்ள கோழியின் இரத்தம் இரண்டொரு நிமிடத்தில் திரிதிரியாகத் திரளும். அதுவரை அம்மூன்றையும் தனிக் கூண்டில் வையுங்கள். பழைய கூண்டைச் சுரண்டிக் கழுவி நல்ல வெயிலில் காயவிடுங்கள்.