ஈரோட்டுக்குப் புறப்பட்ட நாள்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயா பேசியது)

காலாண்டு ஊழிய அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள். அது அச்சாகி உங்கள் கைகளிலேயே இருக்கிறது. ஆகையால் அதை விட்டு, ஒரு நாள் பிரயாணத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் இளம் நர்சுகளுக்கு ஈரோட்டுப் பிரப் நினைவாலயத்தைக் காட்டவேண்டும் என்பது எங்களுக்கு நீண்ட நாள் ஆசை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அப்பட்டணத்தில் ஊழியஞ்செய்த பிரப் ஐயரின் நினைவாக எழும்பிய ஆலயம் அது. அங்கே ஊழியஞ்செய்த பாப்லி ஐயர் நம் இராகங்களைக் கற்று, கதாகாலட்சேபமாய்ச் சுவிசேஷம் சொன்னவர். 1931-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். இவற்றையெல்லாம் வண்டியிலேயே போதிக்கலாம் என்று குறிப்பெடுத்து வைத்திருந்தோம். சாரதியோடு ஏழு பேர், விடியற்காலையில் பல்லடத்தை விட்டோம். பொங்கலூர், அவிநாசிபாளையம் தாண்டி, காங்கயத்துக்கு முன்னாலேயே ஃபேன் பெல்ட் அறுந்தது. குறிப்பு பையிலேயே இருந்துவிட்டது.

சாரதி பெல்ட் வாங்க பஸ் ஏறினார். நாங்கள் சாலையோரக் கொப்பரைக் களத்தில் நிழல் தேடி ஒதுங்கினோம். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பியிருந்தார்கள். கால் காய்ந்தது ஒரு பக்கம், முக்கால் காய்ந்தது ஒரு பக்கம். பெண்கள் உட்கார்ந்து தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டோம், இளநீரே வந்தது. சமாரியக் கிணற்றண்டையில் நம் ஆண்டவரும் கேட்கிறவராகத்தானே உட்கார்ந்தார்!

“எந்தூருங்க?” என்றாள் ஒரு பெண். சொன்னோம்.

“பல்லடத்து மிசன் ஆசுபத்திரிங்களா? நானும் ஆடி மாசம் வந்தனுங்க. காலையில ஏழு மணிக்கே வந்து திண்ணையில உக்காந்தனுங்க. பன்னெண்டரை வரைக்கும் பேரு கூப்பிடலீங்க. மழை கட்டிட்டு வந்துச்சு, களத்துல அள்ளறதுக்கு ஆளில்லீங்க. வந்துட்டனுங்க.”

எங்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளே தொடர்ந்து, “ஆனா ஒருத்தரு மைக்குல நல்லாப் பேசுனாருங்க. பாரம் சுமக்கறவங்களுக்கு இளைப்பாறுதல் கெடைக்குமுன்னு” என்றாள்.

அதைப் பேசியது நாங்கள்தான். அன்று அவள் எங்களுக்கு எதிரே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஜெபம் முடிந்து, பக்கத்தில் இருந்தவர்களோடு கைகுலுக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டோம். எதற்காக வந்தாள் என்று அப்போது கேட்காததை இப்போது கேட்டவள் எங்கள் நர்சு. இருமல், அப்போதே மூன்று வாரத்துக்கு மேல். இராத்திரியில் காய்ச்சல். உடம்பும் இளைத்திருக்கிறது. விலாசத்தை எழுதிக்கொண்டோம். “கூலி போயிருமுங்க” என்று மட்டும் சொன்னாள்.

வண்டி சரியாகிச் சென்னிமலைப் பாதையில் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. நொய்யல் கரையில் ஒரு பிள்ளை கால் நனைக்க இறங்கினாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கோலை நீட்டித் தடுத்தார்: “வேண்டாங் கண்ணு. அரிக்கும்.” ஒரத்துப்பாளையம் அணை பக்கத்தில்தான். பாசனத்துக்கென்று திட்டமிட்டு 1992-ல் கட்டி முடித்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாய்ப் போனது. தண்ணீரைத் திறவுங்கள் என்று கேட்கவேண்டிய விவசாயிகளே திறக்காதீர்கள் என்று போராடினார்கள். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தினால்தான் இயங்கலாம் என்றாயிற்று. “கோர்ட்டு போட்ட போடுல முன்னைக்கு இப்பப் பரவாயில்லீங்க. ஆனா எங்கெணத்துத் தண்ணி இன்னும் மாடு குடிக்காதுங்க” என்றார் பெரியவர். இதே நொய்யல் கரையில்தான் கொடுமணல். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே மணிக்கல் அறுத்து, இரும்பு உருக்கி, பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்தவர்கள் குடித்த தண்ணீர் அது. மாராவின் கசப்பைப்பற்றி நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் இயற்கையாகவே கசந்தது. இதுவோ நாம் உடுத்தியிருக்கும் பனியனுக்காகக் கசந்தது.

சென்னிமலையில் தேநீர், ஒரு தறிக்காரர் கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் இது என்று பெருமையாய்ச் சொன்னார். ஈரோடு சேரும்போது மணி ஐந்து. ஆலயம் பூட்டியிருந்தது. காவல் இருந்த அண்ணன் மனமிரங்கித் திறந்தார். கீர்த்தனை ஒன்று பாடினோம், அவ்வளவுதான். பாப்லி ஐயரைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திரும்பும்போது சாரதியே கேட்டார்: “ஐயா, களத்து வழியாப் போவோமா?” போனோம். அவள் புருஷனிடம் பேசினோம். இருவருமாக வியாழக்கிழமை வர ஒத்துக்கொண்டார்கள்.

வந்தார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மருந்தை அரசாங்கம் இலவசமாய்த் தருகிறது. ஆறு மாதம் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் சுகமாகிவிடும். சத்துணவுக்கென்று மாதந்தோறும் ஒரு தொகையும் வருகிறது. ஆனால் களத்துக் கூலி நின்ற வீட்டில் அது எத்தனை நாளைக்கு? நடுவில் மாத்திரையை நிறுத்துகிறவர்களில் அநேகர் அசட்டையினால் அல்ல, அடுப்பு எரியாததினால் நிறுத்துகிறார்கள். உங்கள் காணிக்கையிலிருந்து அந்த வீட்டுக்கு அரிசியும் முட்டையும் போகிறது; பஸ் செலவும் கொடுக்கிறோம். இதை அறிக்கையில் ‘இதர செலவு’ என்று போட்டிருக்கிறார்கள். கணக்கர் மன்னிக்கவேண்டும், அந்தத் தலைப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பரிசோதித்தாயிற்று. இருவருக்கும் இல்லை, ஸ்தோத்திரம்.

இப்போது திண்ணையில் மைக் இல்லை. ஜெபம் முடிந்ததும் வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய், எந்த ஊர், எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டு எழுதுகிறோம். தூரத்துக்காரரை டாக்டர் முதலில் பார்க்கிறார். முன்பு காத்திருந்து பழகியவர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலை தொடங்குமுன்னே நாங்களே களங்களுக்குப் போகிறோம்.

அடுத்த வியாழன் வண்டி ஐந்தரைக்குப் புறப்படும். மூன்று பேருக்கு இடமிருக்கிறது. உங்களில் யார் வந்தாலும் சந்தோஷம். இளநீருக்குக் காசு கொண்டுவரவேண்டாம், அவர்கள் வாங்குவதில்லை.