கள்ளை விட்டவர்களுக்கு ஒரு தறி

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஊர்த் தொழிலைப் பத்தி ஏதாவது பேசுங்கண்ணே" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆர்.கே.பேட்டைக்காரனுக்கு ஊர்த் தொழில் என்றால் தறிதான். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை நண்பர்களுக்கும் அதே கதைதான். தறிச் சத்தத்தில் நமக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும். ஆகவே தறியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பீரில் ஆரம்பிக்க வேண்டும். பேராசிரியர்கள் பயப்பட வேண்டாம், சரக்கு எதுவும் கொண்டு வரவில்லை!

ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் உல்ம் என்று ஒரு ஊர். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியர்கள் 1854இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றூரை உண்டாக்கி, அதற்கு 'நியூ உல்ம்' என்று பெயர் வைத்தார்கள். நாம் புதிதாகக் குடியேறினால் முதலில் ஒரு பிள்ளையாரை வைப்போம், பக்கத்திலேயே ஒரு டீக்கடை வந்துவிடும். அவர்களுக்கு ஒரு சர்ச்சும் ஒரு பீர் ஆலையும். நியூ உல்மில் ஆகஸ்ட் ஷெல் என்பவர் 1860இல் சின்னதாக ஒரு பீர் ஆலை ஆரம்பித்தார்.

அதே உல்முக்குப் பக்கத்துக் கிராமமான நெல்லிங்கனில் பிறந்த சாமுவேல் ஹெபிக், பாசல் மிஷன் பாதிரியாராக 1834இல் இரண்டு தோழர்களோடு மங்களூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே போனவர்கள் பீர் காய்ச்சினார்கள். இங்கே வந்தவர்கள் கள் பானையை உடைக்கச் சொன்னார்கள். ஒரே சீமைக்காரர்கள்தான்!

இடையில் ஒரு விஷயம். நம் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சித்தூரில்தான் 1838இல் ஹெர்மன் குண்டர்ட் என்ற ஜெர்மானிய இளைஞருக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு அவர் பாசல் மிஷனில் சேர்ந்து, தலச்சேரியில் தங்கி, 1872இல் மலையாள அகராதியை வெளியிட்டார். நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவருடைய மகள் வயிற்றுப் பேரன். நம்ம மாவட்டத்து மாப்பிள்ளை என்று சொந்தம் கொண்டாடலாம், தப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மங்களூர்ப் பக்கம் பில்லவர்கள், மலபார்ப் பக்கம் தீயர்கள். இரண்டு பேருக்கும் மரம் ஏறிக் கள் இறக்குவதே பரம்பரைத் தொழில். கள் கூடாது என்று சொன்னதும் தொழில் போயிற்று. மதம் மாறியவனை நிலக்காரர் நிலத்தை விட்டு இறக்கினார்; உறவுக்காரர் வாசலைச் சாத்தினார். உபதேசம் சரி, சாயங்காலம் உலை வைக்க அரிசி? பாதிரிமார்கள் விவசாயம், அச்சு வேலை, கடிகார வேலை என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். பெரிதாக எதுவும் கைகொடுக்கவில்லை.

1851இல் யோஹான்னஸ் ஹாலர் வந்து சேர்ந்தார். அவர் கைத்தொழிலே நெசவு. அவர் கொண்டுவந்தது விசைநாடாத் தறி. தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: பழைய தறியில் நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். துணியின் அகலம் அவர் கை எட்டும் அளவுதான். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும்படி செய்தார். வேகம் கூடியது, அகலமும் கூடியது. உங்கள் தாத்தா குழித்தறியில் கயிறு இழுத்து ஓட்டியிருப்பாரே, அதுதான் இது. சென்னை மாகாணத்து நெசவாளர்களிடம் அது பரவலாக வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மங்களூரில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஓடியிருக்கிறது! கண்ணூர், கோழிக்கோடு என்று ஆலைகள் பெருகின. காக்கிச் சாயத்தை ஹாலர்தான் கண்டுபிடித்தார் என்று மங்களூரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் வடமேற்கு எல்லைப் படையில் 1840களிலேயே காக்கி உடுத்தியிருக்கிறார்கள். அந்தச் சொல்லே பாரசீக வழி வந்தது. அதனால் நான் அதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

1865இல் பிளெப்ஸ்ட் என்பவர் நேத்ராவதி ஆற்றங்கரையில், ஜெப்புவில், ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அதுதான் 'மங்களூர் ஓடு'. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் மேலேயும் அது உட்கார்ந்திருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

1914இல் போர் வந்தது. ஜெர்மானியர்கள் எதிரி நாட்டார் ஆனார்கள். பலரை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். ஆலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின. அப்பன், பிள்ளை, பேரன் என்று அங்கேயே உழைத்த குடும்பங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. துணி வாங்கும் வேலையில் நான் மலபார்ப் பக்கம் வருஷக்கணக்கில் அலைந்தவன். என் கண்ணெதிரே இருந்த கோழிக்கோடு மானாஞ்சிறை நெசவாலை 2009இல் மூடப்பட்டது.

நியூ உல்மையும் அந்தப் போர் சும்மா விடவில்லை. ஜெர்மானியர் ஊர் என்ற சந்தேகத்தில், 1917இல் அந்த ஊர் மேயரையே பதவியிலிருந்து நீக்கினார்கள். 1920இல் மதுவிலக்கு. பீர் ஆலைக்கு இதைவிடப் பெரிய இடி என்ன இருக்க முடியும்? ஷெல் குடும்பம் ஆலையைப் பூட்டவில்லை. போதை இல்லாத பீர், சோடா வகைகள், மிட்டாய் என்று போட்டு 13 வருஷம் ஓட்டினார்கள். 1933இல் விலக்கு நீங்கியதும் மறுபடி பீர். இன்றைக்கும் ஆலை அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

பீர்க்காரர் கெட்டிக்காரர், நெசவாளி ஏமாளி என்று நான் சொல்ல வரவில்லை. ஷெல் குடும்பத்துக்குக் கொப்பரையும் சொந்தம், வாங்குகிறவரும் தெரிந்தவர். ராத்திரி யோசித்ததைக் காலையில் செய்யலாம். மங்களூர், கோழிக்கோடு நெசவாளிக்குத் தறியின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். நூல் என்ன விலைக்கு வந்தது, துணி எந்தக் கப்பலில் யாருக்குப் போகிறது என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. கம்பெனி பெயர்ப்பலகையை மாற்றியபோது அவரால் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

நம் வீடுகளில் மட்டும் என்ன நடக்கிறது? பாவு ஒருத்தர் கொடுக்கிறார், சேலையை அவரே எடுத்துப் போகிறார், நடுவில் கூலி மட்டும் நம்முடையது. நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. எங்க அப்பா 40 வருஷம் நெய்தார். தான் நெய்த துணியைக் கட்டிக்கொண்டவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்பார். தறி ஓட்டுகிற பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் கண் கலங்கினார்.

இந்த மண்டபத்தில் பேங்கில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். ஏற்றுமதி, சாயம், கம்ப்யூட்டர், வக்கீல் தொழில் என்று எல்லாத் துறைக்காரரும் உண்டு. தறி உள்ள வீட்டிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... பாதிக்கு மேல்! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், இந்தப் பிள்ளைகளோடும் அவர்கள் அப்பா அம்மாவோடும் உட்கார்ந்து, நூல் கணக்கு, விலை போடுவது, நேரடியாக விற்பது இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் தயார்? வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் பெயரும் எந்த ஞாயிறு வசதி என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் ஞாயிறு என்னுடையது, ஆர்.கே.பேட்டையில், எங்கள் வீட்டுத் திண்ணையில், காலை பத்து மணிக்கு.