தண்ணீரும் மருந்தே! அளவறிந்து பயன்படுத்துவோம்!

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ நாளில், 'தண்ணீர் மருத்துவம்' என்ற துண்டுப் பிரசுரம் நம் பள்ளிவாசல் வாயிலில் வழங்கப்பட்டது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் 1.26 லிட்டர் தண்ணீரை ஒரே முறையில் அருந்தி வந்தால் சர்க்கரை நோய் 30 நாட்களிலும், காசநோய் 90 நாட்களிலும் நீங்கிவிடும் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. நல்ல செய்திதானே என்றெண்ணி, நாமும் அதை ஒலிபெருக்கியில் வாசித்தோம்.

அதனை நம்பிய நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர், சர்க்கரை மாத்திரைகளை அறவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண் ஏற்பட்டு, இரு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. நலம் விசாரிக்கச் சென்றபோது, "ஹஜ்ரத், நீங்கள் மைக்கில் சொன்னதால்தான் நம்பினேன்" என்றார்கள். அவர்களுடைய அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இந்த உரை.

தண்ணீரால் விளையும் நன்மைகள்

தண்ணீர் மருந்தாகும் என்பதில் ஐயமில்லை. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீரும் நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அவர்கள் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளுக்குப் பருகக் கொடுக்கச் செய்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு; இதுவே வயிற்றுப்போக்குக்கு வீட்டில் செய்யத்தக்க கரைசல். உப்பு மிகுந்தால் அதுவே தீங்காகும். கடையில் கிடைக்கும் பொட்டலமாயின், அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

தீக்காயம் பட்டால் உடனே குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டுவதே சிறந்த முதலுதவி. பற்பசையோ, மாவோ, பனிக்கட்டியோ வைக்கலாகாது. காய்ச்சலில் தவிக்கும் பிள்ளையின் உடலை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். குளிர்ந்த நீர் நடுக்கத்தையே உண்டாக்கும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

நலமான சிறுநீரகங்களும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையே வெளியேற்ற வல்லவை. அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் இரத்தத்திலுள்ள உப்புச் சத்து நீர்த்துப்போய் மூளை வீங்குகின்றது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தண்ணீர் குடிக்கும் போட்டியொன்றில் கலந்துகொண்ட இளம் தாய் ஒருவர் இவ்வாறே உயிரிழந்தார்.

இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவர் வரையறுத்த அளவைத் தாண்டக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதம் உணர்விழந்திருக்கலாம்; சுடுநீரில் கால் வைத்தால் வெந்துபோவதும் தெரியாது. ஆவி பிடிக்கும் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள்.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதங்கள் மாத்திரை உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் முற்றி, மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். அந்தப் பிரசுரம் கூறிய நோய்களைத் தண்ணீர் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று ஏதுமில்லை.

மார்க்கம் காட்டும் வழி

சகோதரர்களே! தண்ணீரைக் கொண்டே தூய்மையைக் கடமையாக்கிய மார்க்கம், தண்ணீரால் தீங்கு நேரும் என்ற நிலையிலுள்ள நோயாளிக்குத் தயம்முமை அனுமதித்துள்ளது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. அவருடன் இருந்தோர், குளித்தே ஆகவேண்டும் எனக் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். இதனைச் செவியுற்ற நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாத நிலையில் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டாமா என வினவினார்கள். அபூதாவூதில் இடம்பெற்றுள்ள இந்த நிகழ்ச்சியை மத்ரஸாவில் ஓதிய நாமே, ஒலிபெருக்கியின் முன் நின்றபோது மறந்துவிட்டோம்.

எனவே, மருத்துவக் குறிப்பு எதுவாயினும் தகுதியுள்ள மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறாமல், இனி நம் பள்ளிவாசலில் அறிவிப்பதில்லை என உறுதி பூண்டுள்ளோம். இன்று கைபேசியில் வந்து குவியும் குறிப்புகளுக்கும் இதே அளவுகோலை நீங்கள் கைக்கொள்ளுங்கள். தாகத்திற்குத் தண்ணீர் அருந்துங்கள். கோடையில் சற்றுக் கூடுதலாக அருந்துங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் அந்தப் பெரியவருக்குப் பூரண நலத்தையும், நமக்கு அறிந்ததை மட்டும் பேசும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.